கூக் அம்மாளின் கன்னத்துச் செல்கள்

போரில் இறந்தவர்களின் எலும்புகளை அடையாளம் காணும் ஆய்வகம் ஒன்றில், ஹனோயில், துயெத் பதினொரு வருடமாக வேலை செய்துவந்தாள். எலும்பைப் பொடியாக்கி மரபிழையை (டி.என்.ஏ.) பிரித்தெடுப்பது அவள் பொறுப்பு. ஐம்பது வருடம் ஈரமண்ணில் கிடந்த எலும்பில் கிடைப்பது பெரும்பாலும் மண்ணிலிருக்கும் பாக்டீரியாவுடையது. பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது. அதன் மரபிழை செல்லுக்குள் உறையில்லாமல் கிடக்கும். மனிதச் செல்லில் அது உட்கருவுக்குள் இருக்கிறது, அப்பா பாதி, அம்மா பாதி. அதையும் மண் தின்றுவிடும். உட்கருவுக்கு வெளியே, மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சின்ன மரபிழை வளையங்கள்தான், நூற்றுக்கணக்கில் இருப்பதால், கொஞ்சமாவது மிஞ்சும். அவை தாயிடமிருந்து மட்டுமே வருபவை. அதனால் தாயின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்து ஒப்பிடுவார்கள்.

அப்படித்தான் துயெத், நாம் தின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனாள். தொண்ணூற்றிரண்டு வயது கூக் அம்மாளின் மூத்த மகன் தொவான், 1972-இல் குவாங் த்ரி போர்முனையில் இறந்தவன். அங்குள்ள பெயரில்லாத கல்லறைகளில் ஒன்று அவனுடையதாக இருக்கலாம் என்று கூடப் போரிட்டவர்கள் சொல்லியிருந்தார்கள். இளைய மகன் ஹோய், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அம்மாவைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

படிவத்தில் 'பெற்ற தாயா?' என்று ஒரு கேள்வி உண்டு. கூக் அம்மாள் மகனின் பழைய சட்டையை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து அதைக் கேட்கத் துயெத்துக்கு வாய் வரவில்லை. 'ஆம்' கட்டத்தில் தானே குறி போட்டாள்.

அந்தக் கல்லறையில் எடுத்த எலும்பும் கூக் அம்மாளின் செல்களும் பொருந்தவில்லை. உங்கள் மகன் இல்லை என்று கடிதம் போனது. எலும்புகள் பெயரில்லாத கல்லறைக்கே திரும்பின. இரண்டு மாதத்தில் கூக் அம்மாள் இறந்துபோனாள்.

மறுவருடம் அந்தப் பக்கம் போனபோது, ஊதுபத்தி ஏற்றிவிட்டு வரலாமென்று துயெத் அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். பூஜை மேடையில் கூக் அம்மாளின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண்ணின் மங்கிய படம் இருந்தது. யாரென்று கேட்டாள்.

"அண்ணனைப் பெத்தவங்க," என்றார் ஹோய். "அவருக்கு ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டாங்க. அப்புறந்தான் அப்பா எங்கம்மாவைக் கட்டினாரு."

அது தொவானின் எலும்பாகவே இருந்திருந்தாலும் கூக் அம்மாளின் செல்களோடு பொருந்தியிருக்காது என்று துயெத்துக்குப் புரிந்தது. அவர் வைத்த ஒட்டரிசிச் சோற்றை மீதமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைத்ததே அவளைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் தலைமை அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். பிறகு ஹோயிடம் நேரிலேயே போனாள்.

"ஐயா, தப்பு என்மேல. பெத்தவங்களான்னு நான் கேக்கவே இல்ல. கேட்ட மாதிரி எழுதிட்டேன்."

அவர் டீயை ஊற்றினார், குடிக்கவில்லை.

"அம்மாவை வச்சுக்கிட்டு கேட்டிருந்தா நான் பொய்தான் சொல்லிருப்பேன்."

"வெளிய கூப்பிட்டுக் கேட்டிருந்தா?"

"உண்மையைச் சொல்லிருப்பேன்." டீக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: "அம்மா போற அன்னிக்குக் கூட, எம்புள்ள எங்க கிடக்கானோன்னுதான் கேட்டுச்சு."

தொவானைப் பெற்றவளின் தங்கை மகள் ஒருத்தி தாய் பின் என்ற ஊரில் இருப்பதை ஹோய்தான் விசாரித்துக் கண்டுபிடித்தார். தாய்வழி ஒன்றே என்பதால் அவளிடமும் அதே வளையங்கள்தான் இருக்கும். அவளுடைய கன்னத்துச் செல்களை, ஆய்வகத்தில் உறையவைத்திருந்த மிச்ச எலும்புப் பொடியோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது.

தொவானைக் கொண்டுவந்து கூக் அம்மாளின் பக்கத்தில் புதைத்தார்கள். ஊர்க்காரர்கள் துயெத்தின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கூசியது. ஹோய் நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. ஊதுபத்தியை அவளிடம் நீட்டி, "நீயே அம்மாகிட்டச் சொல்லு," என்றார்.

கல்லறையின் முன் வெகுநேரம் நின்றாள். வந்துவிட்டான் என்று சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. கடைசியில் ஹோய் அவள் பக்கத்தில் வந்து குனிந்து, "அம்மா, அண்ணன் வந்தாச்சு," என்றார்.