பதினோரு வரி வெள்ளைக் கட்டம்

பக்கத்தின் நடுவில் பதினோரு வரிகளைக் காணோம். அஞ்சனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழிந்திருந்தால் ஓரம் பிசிறியிருக்கும். ஈரம் பட்டிருந்தால் மை படர்ந்திருக்கும். இதுவோ ஸ்கேல் வைத்து வெட்டியது போன்ற வெள்ளைக் கட்டம்.

ஷாங்காயில் 1934இல் வந்த வார இதழ் அது. கட்டுரையை எழுதியவர் ஷென் யூலான் என்ற இடதுசாரிப் பத்திரிகையாளர். பஞ்சாலையில் மூன்று மாதம் கூலிப்பெண்ணாக வேலை பார்த்துவிட்டு எழுதினார், அதற்காகவே சிறைக்கும் போனார். ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதும் அஞ்சனா, உடன் வேலை செய்யும் மெய்லிங் மதியச் சாப்பாட்டின்போது சீனப் பக்கங்களுக்குப் பொருள் சொல்லச் சொல்ல, ஷென் யூலானின் வாழ்க்கையை இரண்டு வருடமாகத் தமிழில் எழுதிவந்தாள். புத்தகத்துக்கு உயிரே இந்தக் கட்டுரைதான்.

சென்னையிலிருந்து பதிப்பாளர் குமாரசாமி கறாராகச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகுதும்மா. ஓட்டையோட போட்டா, புரியாத இடத்தை நீங்க முழுங்கிட்டீங்கன்னு நினைப்பாங்க. நிரப்புங்க, இல்லன்னா அந்தச் சாப்டரையே எடுத்துடலாம்."

அஞ்சனாவிடம் இருந்தது ஒரு நூலகம் எடுத்து அனுப்பிய படம். படம் எடுத்ததில் கோளாறு என்று நினைத்து, வேறு நூலகத்திலிருந்து இன்னொரு பிரதியின் படத்தை வரவழைத்தாள். அதிலும் அதே இடத்தில் அதே கட்டம்.

கணவன் ஸ்ரீநிவாசனுக்கு மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் வேலை. தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னான்: "ரெண்டு சர்வர்லயும் ஒரே பக் வந்தா சர்வரத் திட்டாத அஞ்சு. ஒரிஜினல்லயே இருக்கு."

"அச்சுலயே விட்டுப்போச்சுன்னா மீதிய நெருக்கிப் போட்டிருப்பாங்களே?"

"நெருக்கலல்ல? அப்ப அது பக்கே இல்ல. யாரோ வேணும்னு வச்சது."

"உன்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு" என்றாள். ஆனால் தட்டை நகர்த்திவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். வெற்றிடத்தை வேண்டுமென்றே யார் வைப்பார்கள்?

அப்போதுதான் தன் தவறு உறைத்தது. காகிதத்தை மிச்சப்படுத்த, எழுத்து உள்ள பகுதிகளை மட்டும் படத்திலிருந்து வெட்டியெடுத்து அச்செடுத்து மெய்லிங்கிடம் கொடுத்திருந்தாள். அந்தக் கட்டத்தை மெய்லிங் பார்த்ததே இல்லை.

மறுநாள் முழுப் பக்கத்தையும் நீட்டினாள். மெய்லிங் சிரித்துவிட்டாள். கூரையில் சன்னல் திறப்பது என்று அதற்குப் பெயராம். அச்சுக்கு முன் பக்கங்கள் தணிக்கை அதிகாரியிடம் போகும். அவர் அடித்த வரிகளின் ஈய எழுத்துகளை உருவித்தான் ஆக வேண்டும், ஆனால் இடத்தை மூட வேண்டிய கட்டாயமில்லை. ஆசிரியர் அப்படியே விட்டுவிடுவார். இங்கே ஏதோ பிடுங்கப்பட்டிருக்கிறது என்று வாசகனுக்குத் தெரிந்துவிடும். அந்த வரிகளில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது.

அஞ்சனா ஃபோனில் குமாரசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "எமர்ஜென்சில நம்ம நாட்டுலயும் தலையங்கத்த வெறுமையா விட்டாங்க" என்றார் அவர். "எத்தனை வரின்னு கரெக்டா சொல்லுங்கம்மா, பக்கம் மாறிடப் போகுது."

தமிழ்ப் பக்கத்திலும் பதினோரு வரி இடத்தை வெறுமையாக விட்டாள். அடியில் ஒரு குறிப்புச் சேர்த்தாள்: "இந்த வரிகளை நீக்கியது 1934இன் தணிக்கை."