மஜாமா என்றால் உதடு சேர வேண்டும்

"வலிக்குதான்னு கேளுங்க" என்றார் பல் டாக்டர்.

மகன் குஜராத்தியில் கேட்டார். நாற்காலியில் சாய்ந்திருந்த அவருடைய அம்மா, புடவைத் தலைப்பால் வாயை மூடியபடியே தலையை ஆட்டினார்.

"நல்லா இருக்காம், டாக்டர்."

"நல்லா இருந்தா ஏன் வீட்டுக்குப் போனதும் பல் செட்டைக் கழட்டி டப்பாவுல போடுறாங்க?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். வர்ற வாரம் என் பொண்ணுக்குக் கல்யாணம். வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு கூப்பிட வேண்டியவங்க இவங்க. பல்லு போட்டா பேச்சு வரலை. கழட்டினா பொக்கை வாயோட நிக்க வெட்கம். உள் ரூம்லயே இருந்துக்கறேன்னு பிடிவாதம் பிடிக்கிறாங்க."

செட் பல்லின் உயரம் சரியா என்பது, பேசும்போது உதட்டைப் பார்த்தால்தான் பிடிபடும்.

"அம்மா, மாமான்னு ஏதாவது சொல்லச் சொல்லுங்க."

தலைப்புக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

"நான் என்ன கைக்குழந்தையான்னு கேக்கறாங்க" என்றார் மகன்.

மறுநாள் வரச் சொல்லி அனுப்பினார் டாக்டர். அவர்கள் படியிறங்கியதும் உதவிக்கு நிற்கும் பஞ்சக்கா வாயைத் திறந்தாள். வருகிற வாயிலெல்லாம் பஞ்சு வைப்பதால் அவளுக்கு அந்தப் பேர்.

"எத்தனை வாயை அடைச்சிருக்கேன், ஒரு வாயைத் திறக்க வைக்க முடியலையே! டாக்டர், பெரிய மனுஷிகிட்ட மாமா சொல்லு, அம்மா சொல்லுன்னா யாரு சொல்வா? நலம் விசாரிங்க. சௌக்கியமான்னு கேட்டா பதில் சொல்லாம இருப்பாங்களா?"

"அவங்க பாஷை எனக்கு வராதே."

"கீழ கண்ணாடிக் கடை அக்கா அந்த பாஷைக்காரங்கதானே? வாங்க."

கடை அக்கா ஒரு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பாடம் எடுத்தார்.

"'கேம் சோ'ன்னா எப்படி இருக்கீங்க. 'பா'ன்னா அம்மா; வயசானவங்களை அப்படிச் சேர்த்துக் கூப்பிடுங்க. அவங்க 'மஜாமா'ம்பாங்க. நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

"உடம்பு சரியில்லைன்னா?" என்றாள் பஞ்சக்கா.

"அப்பவும் மஜாமாதான்."

"அட, நம்ம கதைதான். தலையே போனாலும் 'ஏதோ இருக்கோம்'போமே!"

டாக்டர் கடை அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மஜாமாவை இன்னொரு தரம் சொல்லுங்க." இரண்டு 'ம'வுக்கும் உதடு நன்றாகக் கூடிப் பிரிந்தது. "இது போதும் எனக்கு."

"வாசல்ல நின்னு கூப்பிடறதுக்கு என்ன சொல்வீங்க?" என்றாள் பஞ்சக்கா.

"'பதாரோ.' கிளம்பறவங்களுக்கு 'ஆவ்ஜோ', வாங்கன்னு அர்த்தம்."

"போறவங்களைப் பார்த்தா வாங்கம்பீங்க?"

"நீங்க மட்டும் என்னவாம்? போகும்போது வரேன்னுதானே சொல்றீங்க!"

மறுநாள் டாக்டர் மகனை வெளியிலேயே உட்கார வைத்தார். பதில் சொல்ல ஆள் இருந்தால் அந்த அம்மா எதற்காக வாயைத் திறக்கப் போகிறார்?

டாக்டர் கையைக் கூப்பினார். "கேம் சோ, பா?"

அந்த அம்மா திடுக்கிட்டார். கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன. தலைப்பு நழுவியது.

"மஜாமா."

உதடுகள் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துவிட்டுச் சேராமல் நின்றன. சொல் நலம் என்றது. வாய் இல்லை என்றது.

"பல்லு உயரம், பஞ்சக்கா! கூப்பிட வாயெடுத்தா உதடு மூடலை. பாவம், அதுக்குத்தான் மறைச்சிருக்காங்க."

செட்டைக் கழற்றிக் கடைவாய்ப் பற்களைச் சின்ன மெஷினில் தேய்த்தார். மாட்டினார். கேம் சோ, பா? மஜாமா. மறுபடி தேய்த்தார். மறுபடி கேம் சோ. விஷயம் புரிந்துபோய் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் உதடு பட்டன் போட்டதுபோல் சேர்ந்தது.

"கேம் சோ, பா?"

இந்த முறை மஜாமா வரவில்லை. அந்த அம்மா வாயை அகலத் திறந்து, கீழ் ஈறில் ஓர் இடத்தில் விரலை வைத்து, மூச்சு விடாமல் பேசினார். ஒரு சொல்லும் டாக்டருக்குப் புரியவில்லை. விரலே போதுமானதாக இருந்தது.

"மரியாதை தீர்ந்துச்சு, நிஜம் வருது" என்றாள் பஞ்சக்கா.

அங்கே உரசிய விளிம்பையும் இழைத்துக் கொடுத்தார் டாக்டர்.

"ஆவ்ஜோ, பா!"

அந்த அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. வாசலில், கன்னம் வீங்கிய ஓர் ஆள் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். அந்த அம்மா தலைப்பைத் தோளில் இழுத்துச் செருகி, கை கூப்பி, முகம் முழுக்கச் சிரித்தார்.

"பதாரோ! பதாரோ!"

"யாருங்க இவங்க, புது டாக்டரா?"

"கல்யாண வீட்டம்மா" என்றாள் பஞ்சக்கா. "கூப்பிட்டுட்டாங்கல்ல, உள்ள வாங்க."