நிரம்பாத பீப்பாய்

வாளியைக் குனிந்து முகர்ந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"நெறமும் வாடையும் மாறின தண்ணி. மய்யித்தக் குளிப்பாட்ட இது ஆவாதும்மா."

திரைக்குப் பின்னால் நின்று சபியா கேட்டுக்கொண்டிருந்தாள். விடிகாலையில் மாரடைப்பில் போன கணவர் ஷரீஃப் உள்ளே கிடக்கிறார். இன்று பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரிலோ பல நிறத்தில் ஒரு படலம் மினுங்கியது. எல்லாம் அந்தப் பக்கத்து வீட்டுச் சாயக்காரன் செய்த வேலை. படுபாவி, செத்தவரைக்கூட நிம்மதியாகப் போக விடவில்லையே!

ஷரீஃப் அப்படித்தான் சொல்லி வந்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடும் ஆதிகேசவன் வடித்துக் கொட்டுவதுதான் நம் கிணற்றில் இறங்குகிறது என்று தெருவைக் கூட்டினார். வீட்டில் சாயம் காய்ச்சக் கூடாதென்று முனிசிபாலிட்டியில் தடையும் வாங்கினார். அதிலிருந்து ஆதிகேசவன் நூல் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே அல்லாடுகிறார்.

வீட்டோடு இருந்த தன் அச்சகத்தைப் பற்றி ஷரீஃபுக்கு ஏகப் பெருமை. மற்ற பிரஸ்காரர்கள் அச்செழுத்தைக் கழுவிய மண்ணெண்ணெயைச் சாக்கடையில் கொட்டினார்கள். இவர் கொல்லையில் ஓர் இரும்புப் பீப்பாயைப் புதைத்து அதில் ஊற்றினார். மை அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மொண்டு மறுபடி கழுவுவார். "என் பிரஸ்லேர்ந்து ஒரு சொட்டு வெளிய போவாது" என்பார். வருஷக்கணக்காக ஊற்றியும் பீப்பாய் நிரம்பவில்லை. அல்லாவின் பரக்கத், அவன் அருள் என்று வீடே பூரித்துப்போனது.

கொழுந்தன் ரஷீத் இரண்டு குடங்களோடு வந்தான்.

"பாபி, கேசவன் வீட்டுக் கெணத்துலேர்ந்து மொண்டாந்தேன். அவரே எறைச்சுக் குடுத்தாரு."

"அந்த விஷத்தயா? தள்ளு!"

அவன் சும்மா கொடுப்பானா? சபியா கையில் ஏந்தி முகர்ந்தாள். வாடையே இல்லை. நாக்கில் வைத்தாள். கற்கண்டாக இருந்தது. சாயம் மண்ணில் இறங்கியிருந்தால் முதலில் கெட வேண்டியது அவர் கிணறுதானே? அப்படியானால், நிரம்பாத பீப்பாயில் ஊற்றியதெல்லாம் எங்கே போனது?

"உள்ள குளிப்பாட்டட்டும். நீ வந்து அந்தப் பீப்பாயத் தொற."

"இப்பவா? அண்ணன் அத யாரயும் தொட வுட மாட்டாரே! போன பக்ரீத்தப்ப அடி மண்டிய வாரலாம்னேன். கத்திட்டு, மூடி மேல கல்லத் தூக்கி வெச்சாரு. அப்பலேர்ந்து கழுவுறதுக்குப் புது கிருஷ்ணாயில்தான். பழச ஊத்த மூடியில ஓட்ட மட்டும் வுட்டாரு."

"தொற."

ரஷீத் மூடியை எடுத்ததும், அடித்தகடு இற்றுப்போய் உள்ளே கறுத்த சேறுதான் தெரிந்தது. பக்கத்திலேயே கிணறு. அதே மண்ணெண்ணெய் வாடை. வாழ்நாளெல்லாம் கணவர் சட்டையில் முகர்ந்த வாடை என்பதால் கிணற்றில் அவளுக்கு அது தனியாகத் தெரியவே இல்லை.

"வெளிய சொல்லாத பாபி. அண்ணன் பேரு கெட்டுடும்" என்றான் ரஷீத்.

மய்யித்தைச் சந்தூக்குப் பெட்டியில் கிடத்தி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ரஷீத் கைகூப்பிக் கூட்டத்தைப் பார்த்தான். "எங்கண்ணன் யார் மனசயாவது நோவடிச்சிருந்தா மாப் பண்ணிடுங்க."

"பண்ணிட்டோம்" என்று பல குரல்கள் எழுந்தன. சபியா ஒரே ஒரு குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எதிர் ஓரத்தில் நின்ற ஆதிகேசவன் வாயைத் திறக்கவில்லை. அவர் மன்னிக்காத இந்தப் பாரத்தோடா கணவர் மண்ணுக்குள் போக வேண்டும்? அவளுக்குத் தாங்கவில்லை. திரையை விலக்கிவிட்டாள்.

"கேசவண்ணா, கெணத்தக் கெடுத்தது எங்க பீப்பாதான். உங்க சாயம் இல்ல. அவர மன்னிச்சுடுங்க."

ரஷீத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

ஆதிகேசவன் அவளையே பார்த்தார். "இது பாய்க்குத் தெரியுமா பாயம்மா?"

தெரியாது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. செத்தவருக்காக அந்தப் பொய்யைச் சொல்ல அவள் வாயெடுத்தாள். வரவில்லை.

"தெரிஞ்சிருக்கும்னுதாண்ணா தோணுது."

ஹஜ்ரத் கையசைத்தார். கலிமா சொல்லிக்கொண்டே சந்தூக்கைத் தோளில் ஏற்றினார்கள். ஆதிகேசவன் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

"தெரு முனையில பள்ளம் தோண்டிப் போட்டுக்குறான். பாத்து எடுத்துக்கினு வாங்கப்பா."

தூக்கி வருபவர்கள் காலை வைத்துவிடாதபடி அந்தப் பள்ளத்தின் விளிம்பிலேயே போய் நின்றுகொண்டார்.