ஒரே ஆள் போதும்

மோகன்ராஜ் என்ற பேரைக் கேட்டாலே கோவர்த்தனனுக்கு எரியும். நேரில் பார்த்தால் இன்னும் எரியும். ஏனென்றால் அந்த மனிதன் போட்டிக்காரனைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்டாச்சாண்ணா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்பான். திட்டுவதற்குக்கூட இடம் கொடுக்காத ஆளை என்ன செய்வது?

இரண்டு பேருக்கும் ஒரே தொழில். அமெரிக்காவில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பெரிய கம்பெனிகளின் சரக்கை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு சித்தூர் மாவட்டம் முழுக்க அலைந்தார்கள். கோவர்த்தனனுக்குத் திருப்பதியில் கிளை ஆபீஸ். கிளை என்றால் அவனும் ஒரு இன்ஜினியரும் ஒரு சுவாமி படமும். மோகன்ராஜ் குப்பத்துக்காரன், பெங்களூரிலிருந்து வந்துபோவான்.

சரக்கோ கண்ணால் பார்க்க முடியாத சரக்கு. ஒரு ஆபீஸ் என்றால் சம்பளத்துக்கு ஒரு சர்வர், ஸ்டாக்குக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று என்று ஒரு டஜன் மிஷின்கள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். பாதி நேரம் சும்மா கிடந்தாலும் கரண்டையும் ஏசியையும் தின்னும். இவர்களுடைய சாஃப்ட்வேரைப் போட்டால் அத்தனையும் இரண்டு பெரிய மிஷின்களுக்குள் அடங்கிவிடும். ஒரே வீட்டில் பத்துக் குடித்தனம் வைக்கிற மாதிரிதான். ஆனால் ஒவ்வொரு குடித்தனமும் தனக்கென்று தனி வீடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு நிம்மதியாக ஓடும். சர்வர் வர்ச்சுவலைசேஷன் என்று அதற்குப் பேர். இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் அந்தப் பேரைச் சொல்லாத சேல்ஸ்காரனை ஒருவரும் உள்ளே விடமாட்டார்கள்.

திருப்பதியில் ஒரு காலேஜை மோகன்ராஜ் தட்டிக்கொண்டு போனான். அடுத்து ஒரு ஆஸ்பத்திரி. மூன்றாவதாகச் சித்தூரில் ஒரு பால் கம்பெனி வந்தது. சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து மேனேஜர் போன் செய்து, "கோவர்த்தனா, இதுவும் போச்சுன்னா திருப்பதி ஆபீஸைப் பூட்டிட வேண்டியதுதான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆனால் இந்த முறை கோவர்த்தனனுக்கு உள்ளே ஆள் இருந்தது. அந்தப் பால் கம்பெனியின் சர்வர் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்த தேவேந்திரன் அவனுடைய தங்கை ரூபாவின் புருஷன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே கோவர்த்தனன்தான். இரண்டு குடும்பமும் சத்தியவேடு பக்கத்துச் சனங்கள். இரண்டு வீட்டிலும் அப்பன்மார் பிறத்தியார் கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு வெட்டியவர்கள். மாதம் முதல் தேதி சம்பளம், பேருக்கு முன்னால் ஒரு பதவி, வேர்க்காத அறை என்று தன் வீட்டில் பார்த்த முதல் ஆள் தேவேந்திரன்தான். ரூபா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். "எங்க ஊட்டுக்காரு வேலைக்கிப் போய்ட்டு வந்தா சட்ட அப்படியே மடிப்பு கலையாம கீது" என்பாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

அந்த வேலையை இன்னும் கெட்டியாக்கிவிட வேண்டும் என்றுதான் கோவர்த்தனன் ஒரு காரியம் செய்தான். ரூபாவின் மகள் தரணிக்குத் திருத்தணியில் காது குத்தினார்கள். தாய்மாமன் சீராகத் தங்கத்தில் கம்மலும் காப்பும் போட வேண்டியவன் அவன். ரூபாவே கூப்பிட்டுச் சொன்னாள்.

"ண்ணா, தங்கம் எங்க ஓடிடப் போவுது. அந்தப் பணத்துல அவர ஒன் கம்பெனி பரிச்ச எழுத வைய்யி. மெட்ராஸ்ல போயி படிச்சிக்கினு வரட்டும்."

சீருக்குப் பதில் சர்டிபிகேட். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், சபையில் வெறுங்கையோடு வந்த தாய்மாமன் என்று ஒரு பெரியம்மா வாய்விட்டே சொன்னாள். ஆனால் தேவேந்திரன் சென்னையில் தங்கிப் படித்தான், பாஸ் செய்தான். கோவர்த்தனன் விற்கிற சாஃப்ட்வேரில் தேர்ந்த ஆள் என்று அமெரிக்கக் கம்பெனியின் முத்திரையோடு ஒரு தாள் வந்தது. அதைச் சட்டம் போட்டு சர்வர் ரூம் வாசலிலேயே மாட்டினான். போகிற வருகிறவர்களெல்லாம் பார்த்தார்கள். எம்.டி.யும் பார்த்தார்.

டெண்டர் சூடு பிடித்திருந்த சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவர்த்தனன் சித்தூர் சந்தைப்பேட்டையில் இருந்த தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனான். கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே தேவேந்திரன் பேச்சுவாக்கில் சொன்னான்.

"மச்சான், நீயும் அந்த மோகன்ராஜும் ஸ்பீடு, பேக்கப்புன்னு பேசிக்கினே கீறீங்க. எம்.டி. காதுல அது ஏறவே இல்ல. அவருக்கு வேற ஒண்ணு குத்துது."

"இன்னாது மாப்ள?"

"ஆளுங்கதான். அன்னிக்கி வந்து எட்டிப் பாத்தாரு. ஏசி ரூம்ல நாலு பேரு குந்திக்கினு இன்னா பண்றீங்கன்னு கேட்டாரு. வெயில்ல கேன் தூக்கறவன் ஒருத்தனும் இப்படிக் குந்த மாட்டான்னாரு. நாங்க சிரிச்சிட்டோம்."

தேவேந்திரன் மறுபடியும் சிரித்தான். எந்தக் கபடமும் இல்லாமல், மச்சானுக்கு உபயோகப்படட்டும் என்று சொன்ன பேச்சு அது. கோவர்த்தனன் சிரிக்கவில்லை. அவனுக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்துவிட்டது.

கடைசிச் சுற்றில் எம்.டி. இருவரையும் தனித்தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முதலில் கோவர்த்தனன். எதிரே எம்.டி.யும் கணக்கு அதிகாரியும் மட்டும். ஓடிக்கொண்டிருக்கிற சர்வரை நிறுத்தாமலே ஒரு மிஷினிலிருந்து இன்னொரு மிஷினுக்கு நகர்த்திக் காட்டினான். எம்.டி. கொட்டாவி விட்டார். மோகன்ராஜும் இதைத்தான் காட்டப் போகிறான் என்று கோவர்த்தனனுக்குத் தெரியும். லேப்டாப்பை மூடினான்.

"சார், இப்புடு நலுகுரு உன்னாரு கதா. மாதி பெட்டித்தே ஒக்க மனிஷி சாலு."

இப்போது நாலு பேர் இருக்கிறார்கள், எங்களுடையதைப் போட்டால் ஒரே ஆள் போதும் என்றான். எம்.டி. நிமிர்ந்து உட்கார்ந்தார். கணக்கு அதிகாரியைப் பார்த்தார். அவர் பேனாவை எடுத்தார். இத்தனை மாதமாக அந்த அறையில் நடந்த பேச்சில் எம்.டி. நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

கோவர்த்தனன் ஒன்றும் மச்சினனைக் காவு கொடுக்கவில்லை. அப்படித்தான் அவன் நினைத்தான். ஒரே ஆள் என்றால் அது தேவேந்திரன்தானே? அந்த சாஃப்ட்வேரைப் படித்தவன் அந்த ஆபீசிலேயே அவன் ஒருத்தன்தான். மற்ற மூன்று பேரைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. அவர்களுக்கும் தங்கையோ மனைவியோ இருப்பார்கள் என்ற நினைப்பு அப்போது வரவில்லை. போட்டி என்று இறங்கிவிட்டால் மனுஷனுக்கு இதெல்லாம் எங்கே வருகிறது? படியிறங்கும்போது மனசு லேசாக இருந்தது.

பத்து நாளில் ஆர்டர் மோகன்ராஜுக்குப் போனது.

கோவர்த்தனனுக்கு முதலில் ஆர்டர் போன துக்கம்தான் வந்தது. துக்கத்தோடு லாட்ஜில் படுத்திருந்தபோதுதான் வேறொன்று உறைத்தது. ஆர்டர் போனாலும் அந்த 'ஒரே ஆள்' பேச்சு எம்.டி. காதிலேயே இருக்குமே. வாழ்நாளில் முதல் தடவையாக அவனாகவே மோகன்ராஜுக்குப் போன் செய்தான்.

"மோகன், ஆர்டர் போனா போகட்டும். அங்க ஆளுங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்கல்ல?"



"அண்ணா, ஒரே ஆளுன்னு மொதல்ல சொன்னது நீங்கதானேண்ணா? எங்க ப்ரபோசல்ல அது இல்லவே இல்ல. எம்.டி. அதையே புடிச்சிக்கினாரு. 'அவங்க ஒரு ஆள்ல நடத்துறாங்களாம், நீங்க முடியுமா முடியாதா'ன்னாரு. முடியாதுன்னா நான் வெளிய வரணும். முடியும்னுட்டேன். வெலையும் எறக்கிட்டேன்."

"அந்த ஒரு ஆளு தேவேந்திரனா இருக்கட்டுமே மோகன். நீ சொன்னா கேப்பாரு. எங்க வூட்டு மாப்ளப்பா அவன்."

"தெரியும்ண்ணா. சொல்லிப் பாத்துட்டேன். அவரு நல்ல ஆளு, நான் கண்ணால பாத்துக்கீறேன். ஆனா வாசல்ல ஒங்க கம்பெனி சர்டிபிகேட்ட மாட்டி வச்சிக்கீறாரே. 'வேற கம்பெனி படிச்ச ஆளு நமக்கெதுக்கு'ன்னு எம்.டி. அந்த நாலு பேர்ல திருமலைன்னு ஒருத்தன ட்ரெய்னிங்குக்கு அனுப்பிட்டாரு." பிறகு அவன் வழக்கம்போலக் கேட்டான். "சாப்டீங்களாண்ணா?"

கோவர்த்தனன் போனை வைத்துவிட்டான். தங்கைக்குச் செய்த சீர்தான் தங்கை புருஷன் வேலைக்கு உலை வைத்தது என்று யாரிடம் சொல்லி அழுவது?

ஆனால் தேவேந்திரனை உடனே அனுப்பவில்லை. எந்த மிஷினில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் அவன்தானே. எல்லாவற்றையும் புது மிஷினுக்கு மாற்றிக் கொடுக்கும்வரை இருக்கச் சொன்னார்கள். இருந்தான். மோகன்ராஜின் ஆட்களோடு உட்கார்ந்து சம்பளம், ஸ்டாக், மெயில் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்து, பழைய சர்வர்களைத் தன் கையாலேயே அணைத்தான். திருமலைக்கு எல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். கடைசி மிஷினை அணைத்த அன்று சாயங்காலம் அவனுக்கும் மற்ற இரண்டு பேருக்கும் மாலை போட்டு, பால்கோவா டப்பா கொடுத்து அனுப்பினார்கள்.

கோவர்த்தனன் ஓடி அலைந்தான். அவனுடைய ஆபீஸையும் அதற்குள் பூட்டியாகிவிட்டது. சென்னைக்குப் போய் இன்னொருத்தன் கீழே வேலை செய்துகொண்டு, லீவு நாளில் மச்சினனுக்காகத் தடாவிலும் ரேணிகுண்டாவிலும் புதுசாக வந்த ஃபாக்டரிகளின் வாசலில் நின்றான். போன இடமெல்லாம் ஒரே கதை. எல்லாரும் பத்து மிஷினை இரண்டாக்கிக்கொண்டிருந்தார்கள், நாலு ஆளை ஒன்றாக்கிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு ஊர் இவனும் மோகன்ராஜும் அலைந்து விற்ற சரக்கு அல்லவா!

கடைசியில் தேவேந்திரன் குவைத்துக்குக் கிளம்பினான். அங்கே ஒரு மளிகைக் கிடங்கில் மூட்டை இறக்கி அடுக்கும் வேலை. ரூபாவும் தரணியும் சத்தியவேட்டுக்கு மாமியார் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

கிளம்புகிற நாள் காலையில் கோவர்த்தனன் சந்தைப்பேட்டை வீட்டுக்கு வந்தான். சாமான்கள் மூட்டை கட்டியிருந்தன. தேவேந்திரன் புதுப் பெட்டியை மூடப் போராடிக்கொண்டிருந்தான். ரூபா அண்ணனைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ண்ணா, ஒன் கம்பெனிது மட்டும் வந்திருந்தா இவருக்கு இந்தக் கதி வருமா? நீ உட்டிருப்பியா? இவரே சொல்வாரு, 'மச்சான் எவ்ளோ போராடுனாரு தெரியுமா, அவரு ஜெயிச்சிருந்தா என்னத் தூக்கிருக்க மாட்டாங்க'ன்னு. அந்த மோகன்ராஜு நாசமாப் போவணும்."

 இதற்கு மேல் தாங்காது, சொல்லிவிடலாம் என்று கோவர்த்தனன் வாயைத் திறந்தான். "ரூபா, நான் ஒண்ணு..."

"மச்சான்," என்று தேவேந்திரன் எழுந்தான். "பொட்டி நிக்க மாட்டேங்குது. வா, ஒரு கயிறு வாங்கிக்கினு வந்துடலாம்."

இருவரும் தெருவில் இறங்கி நாலு வீடு தாண்டினார்கள். தேவேந்திரன் மச்சான் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"அவகிட்ட சொல்லாத மச்சான்."

கோவர்த்தனன் நின்றுவிட்டான்.

"எனக்குத் தெரியும். கணக்கு தீக்கற அன்னிக்கே எம்.டி. சொல்லிட்டாரு. 'மேமு காது பாபு, மீ வாள்ளே செப்பாரு'ன்னாரு. நாங்க சொல்லல, உங்க ஆளுங்களே சொன்னதுதான்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அப்பறம் நெனச்சிப் பாத்தேன். அந்த வழிய ஒனக்குக் காட்டுனதே நான்தானே. சோறு துன்னுக்கினு சிரிச்சிக்கினே சொன்னேனே."

"ஒன்ன வச்சிப்பாங்கன்னுதான் மாப்ள..." கோவர்த்தனன் நடுத்தெருவில் அழுதான். "சத்தியமா ஒன்ன வச்சிப்பாங்கன்னுதான்..."

"தெரியும் மச்சான். அழுவாத, யாராவது பாக்கப் போறாங்க."

"என்ன நாலு வார்த்த கேட்டிருக்கலாமேடா. செருப்பால அடிச்சிருக்கலாமே. எதுக்கு அவகிட்ட என்னப் பத்தி அப்படிச் சொல்லி வச்ச?"

"கேட்டு இன்னா பண்றது? நான் போனா வர எத்தினி வருசமோ. எங்கம்மாவுக்கும் அவளுக்கும் ஆவாது, ஒனக்கே தெரியும். ராத்திரி பகல்ல கொழந்தைக்கி ஒண்ணுன்னா அவ யாருக்குப் போன் பண்ணுவா? ஒனக்குத்தான் பண்ணணும். உண்மை தெரிஞ்சா பண்ணுவாளா?" கடைக்காரரிடம் கயிறு கேட்டு வாங்கினான். "அவளுக்குன்னு இருக்குறது நீ ஒருத்தன்தான் மச்சான்."

கோவர்த்தனன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். மன்னிப்புக் கேட்டு அழுது தீர்த்துவிடலாம் என்று வந்தவனுக்கு அந்த வழியும் அடைந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்து இருவருமாகப் பெட்டியைக் கட்டினார்கள். ரூபா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு வைத்தாள், அண்ணனுக்கு வைத்தாள். அண்ணன் பிட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடியும் அழுகை வந்தது.

"பாருண்ணா, இவர நெனச்சி நெனச்சி நீ எப்டி எளச்சிப் போயிட்ட. கூடப் பொறந்தவன் இந்தமாதிரி எத்தினி பேருக்குக் கெடைப்பான்? துன்னுண்ணா" என்று அவன் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

தேவேந்திரன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கோவர்த்தனன் அந்தத் தோசையைத் தின்றான்.