பீரோவுக்குள் போன சான்றிதழ்கள்

மூன்றாவது விசாரணைக்காகச் சேலம் கோர்ட்டுக்கு வந்தபோது வெண்ணிலாவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு நாள். மறுநாள் பத்து மணிக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. அசல் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அடுத்த தடவை ஆள் எடுப்பதற்குள் அவளுக்கு வயது கடந்துவிடும்.

புருஷன் செத்த பிறகு நாலு வருஷம், தன் ஊரான தலைச்சோலையிலிருந்து பஸ் பிடித்து வந்து ஏற்காட்டில் விஜயகுமாரின் காட்டேஜில் வேலை பார்த்தாள். சேர்ந்த அன்றே, "பத்திரமா இருக்கட்டும்" என்று அவளுடைய மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், புருஷனின் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார். வேலையை விடுகிறேன் என்றதும், "சீசன் முடியட்டும், தர்றேன்" என்றார். சீசன் முடிந்த பிறகு கேட்டையே திறக்கவில்லை. கொட்டும் பனியில் எத்தனையோ காலை வெளியே நின்று பார்த்தாள்.

சட்ட உதவி மையத்துப் புவனாதான் மனு எழுதித் தந்தாள். இரண்டு நோட்டீசுக்கும் வராத விஜயகுமார் இன்று வந்து நீதிபதியைக் கும்பிட்டார்.

"இந்தம்மா எங்கிட்ட ஒண்ணுமே குடுக்கலீங்க. குடுத்திருந்தா ரசீது காட்டச் சொல்லுங்க."

வெண்ணிலா கைகூப்பினாள். "எம் புள்ளை மேல சத்தியமுங்க ஐயா…"

"சத்தியத்த வெச்சு நான் என்னம்மா பண்றது? பார்த்தவங்க இருந்தா மத்தியானத்துக்குள்ள கூட்டிட்டு வாங்க," என்றார் நீதிபதி.

பார்த்தவர் ஒருவர் உண்டு. காட்டேஜ் சமையல்காரர் ஜாபெஸ். மூன்று முறை கெஞ்சியும், "எனக்கும் பொழப்பு வேணுமுங்க" என்று ஒதுங்கிக்கொண்டவர். வராந்தாவில் நின்று போன் போட்டாள். "அண்ணா, இன்னைக்கு விட்டா எனக்கு நாதியே இல்லீங்க." போன் துண்டானது. அவள் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி சுமாருக்கு, சட்டையில் மஞ்சள் கறையோடு ஜாபெஸ் படியேறி வந்தார். முதலாளியின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்: "ஆபீஸ் ரூம் பீரோவுல, ரெண்டாவது தட்டுல, பச்சை ஃபைலுங்க ஐயா. போன வாரம் கூடப் பாத்தேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "விஜயகுமார், அஞ்சு மணிக்குள்ள அது இங்க வந்தா இத்தோட முடிச்சுக்கலாம். இல்லேன்னா போலீசுக்கு எழுதுவேன்."

விஜயகுமாரின் காரில் புவனாவும் கூடவே போனாள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்க வேண்டும். நாலரை ஆயிற்று. வெண்ணிலா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் புவனா பச்சை ஃபைலோடு ஓடி வந்தாள். இறப்புச் சான்றிதழில் டீ கொட்டி எழுத்து கலங்கியிருந்தது. மற்றபடி எல்லாம் இருந்தன. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெண்ணிலா விம்மி அழுதாள்.

திரும்புகிற பஸ்ஸில் ஜாபெஸ் முன்கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இனி கேட்டுப் பக்கம் வராதன்னு மொதலாளி சொல்லிட்டாருங்க. என் பெட்டி, துணிமணி, அம்மாவோட போட்டோ, எல்லாம் உள்ளதான் கெடக்குது. ராத்திரி எங்க படுக்கறதுன்னு தெரியலீங்க."

"எங்க அண்ணன் ஊட்டுக்கு வாங்க. நான் நொம்பக் கடமைப்பட்டவ," என்றாள்.

மறுநாள் நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தாள். முடிவு இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை, ஜாபெஸின் பெட்டிக்காகப் புவனா இன்னொரு மனு எழுதினாள்.