பொதுப் படத்தில் ஒரு புள்ளி

மடாரென்ற சத்தத்தில் கொக்கிளாய்க் கரையே திரும்பிப் பார்த்தது. பல படகுகளின் முதலாளியான செபமாலைச் சம்மாட்டியின் கோடரி அனிஸ்ரனின் படகு எஞ்சினைப் பிளந்திருந்தது. அடுத்த வெட்டில் எண்ணெய் பீறிட்டு மணலில் கொட்டியது.

வலை உதறிக்கொண்டிருந்த கலிஸ்ரா ஓடிவந்தாள். அதற்குள் சம்மாட்டியின் ஆட்கள் அவள் கணவன் அனிஸ்ரனைத் துடுப்பால் அடித்து விழுத்தியிருந்தார்கள். வாயெல்லாம் இரத்தம்.

"என்ர பாரை ஆரடி உன்ர படத்தில போட்டது?" சம்மாட்டி உறுமினார்.

கடலுக்கடியில் மீன் அடையும் பாறைத் திட்டுத்தான் பார். தகப்பன் மகனுக்கு மட்டுமே காட்டிக் கொடுக்கும் சொத்து. அந்த வழக்கத்தை உடைத்தவள் கலிஸ்ரா. அவள் தொடங்கிய கைப்பேசிக் குழுவுக்கு எவர் எந்த இடத்தை அனுப்பினாலும் அது குழுவின் கடல் வரைபடமான பொதுப் படத்தில் தானாகப் புள்ளியாக விழும். எந்தப் படகும் போகலாம். வீண் அலைச்சல் குறைந்தது. சம்மாட்டியும் குழுவில் இருந்தார். ஊராரின் புள்ளிகளில் மீன் அள்ளுவார். தன் புள்ளியை மட்டும் காட்டமாட்டார். இன்று விடியப் போனால், அவருடைய பாரின் மேல் ஊர்ப் படகெல்லாம்!

"ஊராற்ற பார் இனிச்சது, உங்கட பார் மட்டும் கசக்குதோ?" என்றாள் கலிஸ்ரா.

அறை விழுந்தது. காது கூவியது. பல்லொன்று ஆடியது.

"சம்மாட்டி..." அனிஸ்ரன் இரத்தத்தைத் துப்பினான். "முந்தநாள் கடலில கிடந்த உங்களைக் கட்டி இழுத்துவந்த எஞ்சின் இது. அதையே வெட்டிப்போட்டீங்கள்."

"அண்டைக்கு நான் நீரோட்டத்தில இழுபட்டுக் கிடந்தது வேற இடம். அதுக்கும் பாருக்கும் என்னடா கதை?"

அவர் கண்காட்ட, ஆட்கள் அனிஸ்ரனின் வலக்கையை இழுத்துப் படகு விளிம்பில் அழுத்திப் பிடித்தார்கள். கோடரி உயர்ந்தது.

"பேரைச் சொல்லடி! இல்லையெண்டா இந்தக் கை இனி வலை இழுக்காது."

அந்தப் பெயர் கரையில் எல்லாருக்கும் தெரியும். ஒரு மனிதனின் மானத்துக்காக மூடிவைத்திருந்தார்கள். கலிஸ்ரா கணவனின் விரல்களைப் பார்த்தாள். பிறகு கரை முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

"அண்டைக்கு இழுபட முன்னம், உங்கட எஞ்சின் நிண்ட உடன, பாருக்கு மேல இருந்து 'ஐயோ, காப்பாத்துங்கோ' எண்டு குழுவுக்கு லொக்கேசன் அனுப்பினது நீங்கள்தானே, சம்மாட்டி!"