சாம்பல் நிறக் கட்டைவிரல்

ஆன்செல் ஸிங்கின் உடல் கரை ஒதுங்கிய நாளிலிருந்து அவன் மனைவி ஹில்டாவின் சமையலறைக்குள் நாளுக்கு இரண்டு முறை கடல் வந்துபோனது. வீடு குன்றின் மேல் இருந்தது. கீழே துறையில் நீர் ஏறும்போது அங்கேயும் கணுக்கால்வரை ஏறும். இறங்கும்போது கதவிடுக்கு வழியாக இறங்கிவிடும். 1931 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவின் ஐஸ்னர் குடாவில் காட் மீன் விலை பாதியாக விழுந்திருந்தது. அதைப் பற்றிப் பேசியதில் கால்வாசிகூட இந்தச் சமையலறைக் கடலைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆன்செலும் தம்பி வில்பர்ட்டும் ஒரே படகில் போனார்கள். வில்பர்ட் மட்டும் திரும்பினான். அண்ணன் எழுந்து, படியிறங்குவதுபோல் தண்ணீரில் கால் வைத்தான் என்றான். முந்தைய வாரம்தான் அப்பா விட்டுப்போன படகுக்காக இருவரும் துறையில் சட்டையைப் பிடித்துக்கொண்டதை ஊர் பார்த்திருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஆன்செல் யாரிடமும் பேசாமல் ஜன்னலருகே உட்கார்ந்திருந்ததையும் ஊர் பார்த்திருந்தது.

உடல் கிடந்த சமையலறையிலேயே விசாரணை நடந்தது. நீர் ஏறத் தொடங்கியதும் நகரத்து அதிகாரி மேஜைமேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டார். "காலை நனைச்சுக்குங்க சார், அப்பதான் எங்க ஊர் விஷயம் புரியும்" என்றார் ஊரார் ஆறு பேர் கொண்ட விசாரணைக் குழுவில் இருந்த கிழவர் ஓபெட். அந்த ஊர் ஆண்கள் வெள்ளைக் கம்பளிக் கையுறை போட்டுத்தான் கடலுக்குப் போவார்கள். சாம்பல் நிறம் கையில் இருந்தால் திரும்பி வருவதில்லை. ஆன்செலின் இடது கையுறையில் கட்டைவிரல் மட்டும் சாம்பல் நிறம். தெரிந்தே போட்டிருக்கிறான், ஆகவே தானே போய்ச் சேர்ந்தான் என்றார்கள் குழுவில் மூன்று பேர். "தெரிஞ்சிருந்தா படகுலயே ஏறியிருக்க மாட்டான். தம்பிதான் தள்ளி விட்டிருக்கணும்" என்றார் ஓபெட். மற்ற இருவர் அவர் பக்கம். தற்கொலை செய்தவருக்கு வேலிக்கு வெளியே, மற்றவர்களுக்கு உள்ளே என்பது கல்லறைத் தோட்டத்தின் விதி. முடிவு எட்டாததால் வேலிக்கு அடியிலேயே குழி வெட்டினார்கள். தலை உள்ளே, கால்கள் வெளியே.

ஹில்டா ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை. மார்ச்சில் பனி வழியை அடைத்திருந்தபோது, கையுறையில் கட்டைவிரல் மட்டும் மீதமிருக்கையில் வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. பழைய சாம்பல் நிறக் காலுறையைப் பிரித்துப் பின்னி, மாவைத் தேய்த்து வெளுப்பாக்கி அவன் கையில் மாட்டிவிட்டாள். ஆக அவளுக்கு மட்டும் மூன்று சந்தேகங்கள். அவனா, தம்பியா, அந்த விரலா. ஏழு வருடம் கல்லறைக்குப் போனவள் வேலிக்கு உள்ளே நின்று தலைக்கு ஜெபித்தாள். வெளியே சுற்றிவந்து கால்களுக்கு ஜெபித்தாள். வேலி அவன் மார்பின்மேல் நின்றது.

எட்டாவது வருடம் ஒரு நண்பகலில், நீர் ஏறியிருந்த நேரத்தில், வில்பர்ட் அவள் சமையலறைக்குள் நடந்துவந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, முதல் தூண்டிலை இழுத்ததுமே மாவு கரைஞ்சு போச்சு. அண்ணன் விரலைப் பாத்துட்டான். கழட்டி எறி அண்ணேன்னு கத்தினேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சான். அந்தக் குளிர்காலத்துல அன்னைக்குத்தான் சிரிச்சான். 'உங்க அண்ணி என்னையே ஏமாத்திட்டாடா. அவ பின்னுனது, கையிலயே இருக்கட்டும்'னான்."

ஹில்டா அடுப்பின் கதவைத் திறந்து, மூடினாள்.

"அப்புறம் நீ தள்ளுனியா?"

அவள் வைத்த காபி ஆறியது. நீர் அவர்கள் கணுக்காலிலிருந்து பாதத்துக்கு இறங்கியது, பாதத்திலிருந்து தரைக்கு, தரையிலிருந்து கதவிடுக்குக்கு. நாற்காலிக் கால்களில் உப்பு காய்ந்து வெள்ளைக் கோடாகும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவன் எழுந்து போனான்.

மறுநாள் பட்டப்பகலில், துறையிலிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வில்பர்ட் கல்லறைத் தோட்டத்து வேலியில் மூன்று கம்பங்களைப் பிடுங்கி, அண்ணனின் கால்களுக்கு அப்பால் நட்டான். போதகர் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். குற்றம் செய்தவன்தான் இப்படிச் செய்வான் என்று பாதிப் பேரும், செய்யாதவன்தான் இப்படிச் செய்வான் என்று மீதிப் பேரும் சொன்னார்கள். ஹில்டா பக்கத்தில் நின்று ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

கடல் அதற்குப் பிறகும் வந்துபோனது. இப்போது அந்த வீட்டில் இருப்பவர்கள் அடுப்பை ஓரடி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.